சனிக்கிழமைக் குதிரை

லாயக் கதவைத் திறந்ததும் வந்த மணத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நனைந்த வைக்கோலும் குதிரை லத்தியும் வியர்வையும் கலந்த மணம். இங்கிலாந்தில் கென்ட் பக்கத்து வயல்வெளியில், மழைத் தூறலில் நின்ற நான் நெடுந்தீவில் அம்மம்மா வீட்டுக் கல்வேலியோரம் போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து, அங்கே தொண்டு வேலை செய்கிற ஒரு வயதான வெள்ளைக்கார அன்ரி என் கையில் ஒரு சவளைத் தந்து, சும்மாதானே நிற்கிறாய், இதை அள்ளு என்றார். யாழ்ப்பாணத்தில் வங்கியில் இருந்தவள் நான். மாட்டுச் சாணியைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போனவள். அள்ளினேன்.

மகனுக்கு ஓட்டிசம். ஆறு வயது, சொற்கள் குறைவு. யாராவது தொட்டால் உடம்பை முறுக்கிக்கொள்வான். இந்த நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரையேற்றம் நடத்தும் ஆர்.டி.ஏ. என்ற சங்கம் 1969 இலிருந்து இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றிச் சொன்னார்கள். பெயரைப் பதிந்து, காத்திருந்து, கடைசியில் இடம் கிடைத்தது.

அவன் ஹெல்மெற்றோடு குதிரையில் இருக்கும் படத்தை அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"பிள்ளையைக் குதிரையிலயோ ஏத்தினனீ? விழுத்திப்போட்டுதெண்டால்?"

"ரெண்டு பக்கமும் ஆள் நிக்குதம்மா. முன்னுக்கு ஒராள் கயிறு பிடிக்கினம்."

"நெடுந்தீவாளுக்குக் குதிரையைப் பற்றிச் சொல்லாதை. அதுகள் மனிசருக்கு அடங்காதுகள்."

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. அவ கண்ட குதிரைகள் அப்படி. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்தவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள். கடிவாளமும் இல்லை, சேணமும் இல்லை, யாருக்கும் சொந்தமும் இல்லை. வறட்சி வந்தால் தண்ணீரில்லாமல் செத்துவிழும். மற்றபடி எங்களுக்குக் குதிரை என்றால் கோயில் வாகனம்தான். நவராத்திரி முடிய வரும் மானம்பூவுக்குச் சாமி அதில் ஏறி வாழை வெட்டப் போகும். "சாமி ஏறுறதில என்ர பேரன் ஏறிற்றான்" என்று முடிவில் அம்மாவே சமாதானமாகிவிட்டா.

குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், இடமும் வலமும், மேலும் கீழுமாக அசையும். மேலே இருப்பவரின் இடுப்பு, தானே நடப்பதுபோல அசைந்துகொடுக்கும். உடம்பு நிலைப்படுவதற்கு அது உதவும் என்று அங்கே உள்ளவர்கள் விளக்கினார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், போலியோவால் முழங்காலுக்குக் கீழ் செயலிழந்த டென்மார்க்காரி லிஸ் ஹார்ட்டெல் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற கதையை அந்தச் சவள் அன்ரிதான் சொன்னார்.

என் கணவர் எதையும் தாளில் பார்த்தால்தான் நம்புவார். அமெரிக்காவில் 2015 இல் வெளியான ஓர் ஆய்வைத் தேடிப் பிடித்தார். 6 முதல் 16 வயது வரையான 127 ஓட்டிசப் பிள்ளைகள், பத்து வாரம். ஒரு பகுதியினர் குதிரை ஏறினார்கள். மற்றவர்கள் அதே சூழலில் குதிரையைத் தொடாமலே குதிரைகளைப் பற்றிப் படித்தார்கள். ஏறியவர்களுக்கு எரிச்சலும் துடிதுடிப்பும் கூடுதலாகக் குறைந்தன, பேசும் சொற்கள் கூடின. ஓட்டிசம் மாறிவிடும் என்று அதில் எங்கேயும் இல்லை. எங்கள் உறவுக்காரருக்கு அந்த ஒன்றுதான் வேண்டும்.

இங்கே குளிரைப் பொறுத்துக்கொண்டேன். பின்னேரம் நாலு மணிக்கே இருட்டுவதையும் பொறுத்துக்கொண்டேன். எங்கட சனத்தின் ஒரு கேள்வியை மட்டும் பொறுக்க முடியவில்லை. "இன்னும் கதைக்கேல்லையோ?" சாமத்தியவீடோ, கலியாணவீடோ, மண்டப வாசலில் சந்தனம் எடுக்கும்போதே தொடங்கிவிடும். ஓர் அக்கா தன் மனிசனும் பிந்தித்தான் கதைத்தவர் என்பா. இன்னொருவர், தொலைபேசியைக் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்பார். மூன்றாமவர் ஊரில் உள்ள செல்வச் சந்நிதி முருகன் கோயிலுக்கு நேர்த்தி வைக்கச் சொல்வார். வைத்துத்தான் இருக்கிறோம். ஆனால் சந்நிதி முருகனுக்கு வாயைக் கட்டிக்கொண்டு, மந்திரமில்லாமல்தானே பூசை. பேசாத பிள்ளை என்று அவர் ஒன்றும் குறை நினைக்கமாட்டார். அதற்குள் மகன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போயிருப்பான். வீடியோக்காரர் அங்கேயும் விளக்கைப் பிடிப்பார்.

லாயத்தில் தேத்தண்ணிப் போத்தலோடு மற்றப் பெற்றோருக்குப் பக்கத்தில் நிற்பேன். ஒரு பிள்ளை கத்தும், இன்னொன்று சேற்றில் உருளும். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எப்போதும் "தம்பியைப் பார்" என்று கேட்டே வளர்ந்த மகளுக்கும் அங்கே தனி வேலை உண்டு. அவள் மொலி என்ற பொனிக்குத் தூரிகை போடுவாள், கரட் கொடுப்பாள். அந்த நேரத்தில் தம்பியை யாரோ பார்த்துக்கொள்வார்கள்.

ஒருநாள் சுற்றின் நடுவே மொலியை நிறுத்தினார்கள். மகன்தான் நடக்கச் சொல்ல வேண்டும். வாயால் சொல்லலாம், கையாலும் சொல்லலாம். "சொல்லு, சொல்லு" என்று ஒருவரும் அரிக்கவில்லை. தூறல் ஹெல்மெற்றில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் பிடரிமயிருக்குள் விரல்களை விட்டு மெதுவாகக் கோதினான். மொலியின் காது ஒன்று பின்னால் திரும்பியது. கனநேரம் கழித்து, கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். மொலி நடந்தது. அவன் விக்கிவிக்கிச் சிரித்தான். இவ்வளவு பெரிய ஒன்று தன் சொல் கேட்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது!

இப்போது இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். சேற்றுச் சப்பாத்து வாங்கிவிட்டேன், மழை வந்தால் குடையைத் தேடுவதில்லை. ஆனாலும் சவளைப் பிடித்ததும் மனம், நெடுந்தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் துறைக்குப் போய்விடும். படகு ஆடும், அம்மம்மா பனங்கட்டியை மடியில் பொத்தி வைத்திருப்பா, இறங்கினால் வெயிலில் குதிரைகள் நிற்கும். யாழ்ப்பாணத்தில் இவனைப்போலப் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருக்கிற தாய்மாரையும் எனக்குத் தெரியும். அத்தனை குதிரைகளும் அங்கே சும்மா நிற்கின்றன. பழக்குவது லேசில்லை, சரி. பழக்க ஆளும் காசும் வேண்டும். இருந்தாலும் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

வருகிற சனி பெரியம்மாவின் பேத்திக்குச் சாமத்தியவீடு. ஆராத்தி பத்தரைக்கு, மொலி பதினொன்றுக்கு. சாப்பாட்டுக்குத்தான் வருவோம் என்று சொல்லிவிட்டேன். பெரியம்மாவுக்குக் கோபம். உடுப்பு மாற்ற நேரமிருக்காது, லத்தி மணத்தோடுதான் பந்தியில் இருக்கப்போகிறோம்.