எங்கிருந்து கிளம்பியது? ஒரு லேப் நாட்குறிப்பு

2024 மார்ச் 4, திங்கள்

மாலை நாலு மணிக்குத் தியேட்டரிலிருந்து வாளி வந்தது. கணையத் தலை, டியோடினம் (சிறுகுடலின் முதல் பகுதி), பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி, பித்தப்பை எல்லாம் ஒரே கட்டாக. விப்பிள் ஆபரேஷன். (விப்பிள் 1935இல் எழுதிப் பெயர் வாங்கிவிட்டார், பெர்லினில் கௌஷ் 1909லேயே செய்திருந்தார்.) படிவத்தில் ‘? ஆம்புல்லா ? கணையம்’. வேறு ஒரு வரி இல்லை. புற்று எங்கிருந்து கிளம்பியது என்று சொல்ல வேண்டியது பெத்தாலஜிஸ்டான என் வேலை.

பித்தக்குழாய் கணையத் தலைக்குள் புகுந்து இறங்கி, கணையக்குழாயோடு சேர்ந்து, ஆம்புல்லா என்ற சின்னப் புடைப்பு வழியாகக் குடலில் திறக்கிறது. ஒரே முடுக்கில் நாலு வீடு. எந்த வீட்டில் புற்று கிளம்பினாலும் வெளியே தெரிவது அதே மஞ்சள் காமாலைதான்.

பிஜி மாணவி வார்டுக்குப் போய் விசாரித்து வந்தாள். "மேடம், காமாலை நடுவுல இறங்கியிருக்கு. வீட்டம்மா கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாங்களாம்." ஆம்புல்லாக் கட்டி என்றால் மேற்பரப்பு அழுகி உதிர்ந்து, பித்தத்துக்குக் கொஞ்சநாள் வழி கிடைக்கும், காமாலை ஏறி இறங்கும். சரி, ஆம்புல்லாதான் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

ஃபார்மலின் உள்ளே இறங்கட்டும் என்று குடலைப் பிளந்தால், ஆம்புல்லாவிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஒன்று, அடைப்பைத் தாண்டிப் பித்தம் வடிய வைக்கும் குழல், எட்டிப் பார்க்கிறது. சர்ஜனுக்குப் போன் போட்டேன். "ஆமா மேடம், மூணு வாரம் முன்னாடி வச்சது. எழுதலையா?" எழுதவில்லை. ஸ்டென்ட்டுக்குச் சேர வேண்டிய பெயரைக் கீழாநெல்லி தட்டிக்கொண்டு போயிருக்கிறது. என் முடிவும் அதோடு போயிற்று.

மார்ச் 5, செவ்வாய்

காலை முழுக்க வெட்டு மேசையில். ஓரத்துக்கு ஒரு நிறமாக மை தடவி, டியோடினத்துக்குக் குறுக்காக மூன்று நாலு மில்லிமீட்டர் கனத்தில், பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவுகிற மாதிரி சீவினேன். மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு துண்டுகள், வரிசை மாறாமல் தட்டில், போட்டோவும் எடுத்தாயிற்று. குழாய்களுக்குள் கம்பி விட்டு இரண்டாகப் பிளக்கிறவர்களும் உண்டு. எனக்குச் சீவல்தான் பிடிக்கும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு குழாயும் தெரியும், கட்டி எதைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது என்பதும் தெரியும்.

ஆறாவது, ஏழாவது துண்டில் பித்தக்குழாயைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். விரலால் அழுத்தினால் கல் மாதிரி. கணையக்குழாய் பக்கத்திலேயே மெல்லிசாக, சுத்தமாக ஓடுகிறது. கடைசித் துண்டுகளில் ஆம்புல்லா மெத்தென்று இருக்கிறது. படிவத்தில் இருந்த இரண்டுமே இல்லை போல. ஆனால் ஸ்டென்ட் உரசினாலும் சுவர் தடிக்கும், அவசரப்படக் கூடாது.

மார்ச் 7, வியாழன்

ஸ்லைடுகள் வந்தன. புற்றுதான். நார்த் திசுவுக்குள் சிதறிய சுரப்பிகள், நரம்புகளைச் சுற்றியும் ஏறியிருக்கின்றன. இந்தப் படத்தை மட்டும் காட்டிக் கணையமா பித்தக்குழாயா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே ஜாடை. பித்தக்குழாயின் உள்வரியில், அதாவது உள்சுவர்ப் படலத்தில், புற்றுக்கு முந்தைய மாற்றம் தெரிகிறது. நல்ல சாட்சிதான், ஆனால் பொய்ச்சாட்சியாகவும் இருக்கலாம். கணையப் புற்று பித்தக்குழாய்க்குள் புகுந்து உள்வரி மேல் படர்ந்தாலும் இதே வேஷம் போடும். அதனால் மறுபடி தட்டு போட்டோவுக்கே போனேன். கட்டியின் நடுமையம் பித்தக்குழாய்ச் சுவரில்தான்.

மார்ச் 11, திங்கள்

ஐஹெச்சி வந்தது, திசுவில் எந்தெந்தப் புரதம் இருக்கிறது என்று சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை. சிகே7, மக்1 பாசிட்டிவ்; சிகே20, சிடிஎக்ஸ்2, மக்2 நெகட்டிவ். குடல் வகை இல்லை என்பதோடு சரி. எஸ்மேட்4 என்ற புரதம் அப்படியே இருக்கிறது. கணையப் புற்றில் ஏறக்குறைய பாதியில் அது தொலைந்துபோகும், மீதிப் பாதியில் இருக்கும். அதை வைத்து என்ன செய்ய?

பக்கத்து மேசைக்காரர் காபியோடு வந்து, "எல்லாம் ஒரே விப்பிள்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு?" என்றார். கணையம் என்றால் ஸ்டேஜுக்குக் கட்டியின் அளவு பார்ப்போம், 2, 4 சென்டிமீட்டர் என்று. பித்தக்குழாய் என்றால் ஆழம், 5, 12 மில்லிமீட்டர். இது 9 மில்லிமீட்டர், டி2, அதாவது ஆழத்தில் நடுப்படி. மருந்தும் வேறு. கணையம் என்றால், உடம்பு தாங்குமானால் ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டு மருந்து, நரம்பு வழியாக. பித்தக்குழாய் என்றால் ஆறு மாதம் கேப்பசிடபின் மாத்திரை. ஊசி ஏற்றிக்கொண்டு படுப்பவருக்கு இது ஒரே விப்பிள் இல்லை. சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 14, வியாழன்

டியூமர் போர்டு, எல்லாத் துறை டாக்டர்களும் கூடி ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும் கூட்டம். "கணையம்னுதான் நினைச்சு வச்சிருந்தேன்" என்றார் சர்ஜன். ரேடியாலஜிஸ்ட் ஸ்டென்ட்டுக்கு முந்தைய சிடியைத் திறந்து காட்டினார். பித்தக்குழாய் வீங்கிக் கிடக்கிறது, கணையக்குழாய் 2 மில்லிமீட்டர்தான். கணையத் தலையில் கட்டி என்றால் பெரும்பாலும் இரண்டுமே வீங்கும். ஆபரேஷனுக்கு முன்பே கண்முன் இருந்திருக்கிறது. தட்டு போட்டோவைத் திரையில் போட்டதும் பேச்சு சீக்கிரம் முடிந்தது. பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி என்று கையெழுத்துப் போட்டேன். மாத்திரை எழுதிவிட்டார்கள்.

படிவத்தில் ‘ஸ்டென்ட் உண்டா’ என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி அலுவலகத்தில் கேட்டேன். பழைய படிவம் இன்னும் இரண்டு பண்டில் மிச்சம் இருக்கிறதாம். அது தீர்ந்த பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்.