ரெஷன் முதல் மெரான் வரை: ஆற்றோடு இறங்கிய ஒரு நாள்

இதுவரை நான் பை கட்டிய சைக்கிளில் நெடுந்தூரம் போனதெல்லாம் சமவெளி ஆற்றங்கரைகளில்தான். இந்த வருடம் மலைப்பாதை பழக வேண்டும் என்று முடிவு செய்தேன். மலை என்றதும் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே கேட்கிறார்கள். எனக்கோ இறக்கம்தான் பயம். பத்துப் பன்னிரண்டு கிலோ பாரத்தோடு தொடர்ந்து கீழே இறங்கும்போது பிரேக்கை எப்படிக் கையாள்வது, வளைவில் உடம்பை எங்கே வைப்பது, கை மரத்துப் போனால் என்ன செய்வது என்பதெல்லாம் சமவெளியில் கற்றுக்கொள்ள முடியாதவை.

அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் ஃபின்ஷ்காவ் பள்ளத்தாக்கு. இத்தாலியின் வடகோடியில், தெற்குத் திரோல் மாநிலத்தில் இருக்கிறது. ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய ரெஷன் கணவாய் சுமார் 1,500 மீட்டர் உயரம். அதன் அருகே எட்ஷ் ஆறு பிறக்கிறது. இத்தாலியர்கள் அடிஜே என்று அழைக்கும் இந்த ஆறு போ ஆற்றுக்கு அடுத்தபடியாக அந்த நாட்டின் இரண்டாவது நீளமான ஆறு. சுமார் 410 கிலோமீட்டர் ஓடி அட்ரியாட்டிக் கடலில் சேர்கிறது. அதன் முதல் 80 கிலோமீட்டரைக் கூடவே தொடர்ந்து போனால் 325 மீட்டர் உயரத்தில் மெரான் நகரம். பெரும்பகுதி கார் வராத தனி சைக்கிள் பாதை. ரோமானியர்கள் கி.பி. முதல் நூற்றாண்டில் போட்ட வியா கிளாடியா அகஸ்டா என்ற பெருவழியும் இந்தக் கணவாய் வழியாகத்தான் ஆல்ப்ஸைக் கடந்தது. ஆல்ப்ஸில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் இங்கேதான் வர வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

சைக்கிள் விஷயம் சுருக்கமாக. 40 மில்லிமீட்டர் டயர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், பின் கேரியரில் இரண்டு பைகள். கிளம்பும் முன் பிரேக் பேட் இரண்டையும் புதிதாக மாற்றினேன். கனமான சாமான்களை (பூட்டு, கருவிகள், சமையல் பாத்திரம்) பையின் அடியில், சக்கரத்தின் அச்சுக்குப் பக்கமாக வைத்தேன். கேரியருக்கு மேலே மழைக்கோட்டைத் தவிர எதையும் கட்டவில்லை. பாரம் கீழே இருந்தால் வளைவில் வண்டி எவ்வளவு அமைதியாகத் திரும்புகிறது என்பதை அன்று முழுக்க உணர்ந்தேன்.

செப்டம்பர் கடைசி. ஆஸ்திரியப் பக்கம் நவுடர்ஸ் ஊரில் தங்கிவிட்டுக் காலையில் புறப்பட்டேன். கணவாய்க்கு அங்கிருந்து நூறு மீட்டர் உயரம்தான் ஏற வேண்டும், அதுவும் புல்வெளி நடுவே மெல்லிய ஏற்றம். உடம்பு சூடாவதற்குள் எல்லை வந்துவிட்டது. எல்லை தாண்டியதும் பலகைகளில் ஜெர்மன், இத்தாலியன் இரண்டு மொழியிலும் ஊர்ப்பெயர்கள். முதல் உலகப் போருக்கு முன்பு வரை இதெல்லாம் ஆஸ்திரியா. ஊர் மக்கள் வீட்டில் இன்றும் ஜெர்மன்தான் பேசுகிறார்கள்.

அடுத்த திருப்பத்தில் ரெஷன் ஏரி. இரு கரையிலும் பாதை உண்டு. கோபுரத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று கிழக்குக் கரையைப் பிடித்தேன். படங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள்: தண்ணீருக்கு நடுவே தனியாக நிற்கும் தேவாலய மணிக்கூண்டு. 14-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதைச் சுற்றி இருந்த கிரவுன் கிராமம் 1950-இல் நீர்மின் திட்டத்துக்காக மூழ்கடிக்கப்பட்டது. அதற்கு முன் இங்கே சிறிய இயற்கை ஏரிகள் இருந்தன. அணை கட்டி நீர்மட்டத்தை 22 மீட்டர் உயர்த்தி அவற்றை ஒரே ஏரியாக்கினார்கள். 163 வீடுகளும் 500 ஹெக்டேருக்கு மேல் விளைநிலமும் போயின. வீடுகளையும் தேவாலயத்தையும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டு, பழமையான சின்னம் என்று கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். கரையில் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் எடுத்தேன். ஆனால் அங்கே இருக்கும் தகவல் பலகையையும் அந்தப் பழைய புகைப்படங்களையும் நின்று பார்க்காமல் யாரும் போகக் கூடாது. அந்த மலைக்காட்டில் சமமான நல்ல நிலம் எவ்வளவு அரிது என்பது, அதன் பிறகு இறங்கும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் புரியும்.

ஏரியின் தென்கோடியில் நிமிர்ந்தால் ஓர்ட்லர் சிகரம், 3,905 மீட்டர். தெற்குத் திரோலிலேயே உயரமானது இதுதான். காலை வெயில் பனியில் பட்டு, ஏரி நீரில் அப்படியே விழுந்திருந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு ஃபிளாஸ்க்கில் இருந்த தேநீரைக் குடித்து முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.

சரி, இனி இறக்கம். சாங்க்ட் வாலன்டினையும் அதை ஒட்டிய சின்ன ஏரியையும் தாண்டியதும் பாதை சட்டென்று சாய்கிறது. அங்கிருந்து குளூர்ன்ஸ் ஊர் வரை பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குள் சுமார் 550 மீட்டர் கீழே போகிறோம். நாளின் முக்கியமான பாடம் இங்கேதான்.

பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே இறங்கினால் டிஸ்க்குக்கு ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. சூடு ஏறிக்கொண்டே போய்ப் பிடிப்பு குறையும். பதிலாக, நேரான பகுதியில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது விரலை எடுத்துவிட வேண்டும். வெளிப்பக்கப் பெடல் கீழே, உடம்பின் எடை அதன் மேல். பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் வளைவு முடியும் இடத்தில். இதை ஒவ்வொரு வளைவிலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன். ஆரம்பத்தில் தோள் இறுகிக் கிடந்தது. புர்காய்ஸ் ஊர் கண்ணில் படும் நேரத்தில் முழங்கைகள் தாமாகவே தளர்ந்திருந்தன. வளைவிலிருந்து வளைவுக்கு வண்டி ஒரே ஓட்டமாகப் போக ஆரம்பித்தது. அந்தக் கணத்துக்காகவே இந்தப் பயணம் வந்தேன் என்று தோன்றியது.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறும்போது கழற்றிய காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டை இறங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். முழுவிரல் கையுறை கட்டாயம். விரல் விறைத்தால் பிரேக்கை அளந்து பிடிக்க முடியாது.

புர்காய்ஸுக்கு மேலே மலைச்சரிவில் வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய கட்டடம். அது மரியன்பெர்க் மடம். 1,340 மீட்டரில் இருக்கும் இது ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் உள்ள பெனடிக்டைன் துறவியர் மடம். ஏறிப் போகவில்லை, கீழிருந்தே பார்த்துக்கொண்டேன்.

இங்கிருந்து பரந்து விரியும் சரிவுக்கு மால்ஸர் ஹைடே என்று பெயர். பக்கத்து ஓடை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மண்ணையும் கல்லையும் அடித்துக்கொண்டு வந்து விசிறி மாதிரி பரப்பிய மேடு இது. ஆல்ப்ஸில் இருக்கும் மிகப் பெரிய வண்டல் விசிறிகளில் ஒன்று. இதைப் புரிந்துகொண்டதும் பள்ளத்தாக்கின் மொத்த வடிவமும் பிடிபட்டது. பக்கத்து ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய விசிறிகள் ஆற்றை அங்கங்கே மறித்திருக்கின்றன. மறித்த இடத்துக்கு மேலே தட்டையான நிலம், தாண்டியதும் செங்குத்தான இறக்கம். அதனால் பாதை ஒரே சரிவாக இல்லை, படிப்படியாக இறங்குகிறது. எங்கே ஓய்வு கிடைக்கும், எங்கே பிரேக்குக்கு வேலை என்று மலையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் கண்ணில் படும். ஆற்றின் வலக்கரை மலை முழுக்க அடர்ந்த காடு. இடக்கரையில் வெயிலைப் பார்த்து நிற்கும் மலை காய்ந்து பழுப்பாக, கிட்டத்தட்ட மொட்டையாக. சுற்றிலும் மூவாயிரம் மீட்டர் மலைகள் மழை மேகங்களைத் தடுத்துவிடுவதால் இங்கே ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். ஆல்ப்ஸின் மிக வறண்ட பள்ளத்தாக்குகளில் இதுவும் சேர்த்தி. அதனால் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மேலிருக்கும் ஓடைகளிலிருந்து மலையைச் சுற்றி வாய்க்கால் வெட்டித் தண்ணீரை நிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். வால் என்று அதைச் சொல்கிறார்கள். மண்ணில் வெட்ட முடியாத பாறை முகங்களில் மரத்தொட்டி பொருத்தி நீரை ஓட்டினார்கள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள், காவலுக்கு ஆள் வைத்தார்கள். வாய்க்காலில் ஒரு சின்னச் சக்கரம் சுழலும். அது சுழலச் சுழல ஒரு சுத்தி மணியைத் தட்டிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் எங்கோ உடைப்பு அல்லது அடைப்பு என்று காவலர் கிளம்பிவிடுவார். நம் மடை, மதகு, நீர்ப்பாய்ச்சி உலகம் தெரிந்தவர்கள் யாரும் இதைக் கேட்டு நெகிழாமல் இருக்க முடியாது. பல வாய்க்கால்களின் ஓரம் இப்போது நடைபாதைகள். இதற்கென்றே தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ள வேண்டும்.

குளூர்ன்ஸில் மதிய உணவு. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், ஆனால் நகர அந்தஸ்து உண்டு. சுற்றிலும் முழுசாகக் கோட்டை மதில். 1499-இல் பக்கத்தில் நடந்த கால்வென் போரில் ஊர் சூறையாடப்பட்ட பிறகு எழுப்பியது. மூன்று வாசல்கள், தாழ்வான வளைவுக் கூடங்கள் கொண்ட ஒரு தெரு. அரைமணி நேரத்தில் சுற்றிவிடலாம். ரொட்டிக் கடையில் பார்ல் வாங்கினேன். இரண்டு வட்டங்கள் ஒட்டிப் பிறந்த, ரை என்ற தானிய மாவில் செய்த கம்பு நிற ரொட்டி. கடித்தவுடன் ஒரு வாசனை, வெந்தயம்! விசாரித்தால், மாவில் சேர்க்கும் ஒரு மூலிகை உண்மையாகவே வெந்தயத்தின் நெருங்கிய உறவுச் செடியாம். நீலப் பூ பூக்கும், இலையைக் காயவைத்துப் பொடியாக்கிச் சேர்ப்பார்கள். அங்குள்ள பாலாடைக்கட்டியோடு சாப்பிட்டேன். ஓட்டத்துக்கு இதைவிட நல்ல தீனி தெரியாது. வயிற்றில் நின்றது, கனக்கவில்லை.

குளூர்ன்ஸிலிருந்து லாஸ் வரை நாற்பது மீட்டர் உயர வித்தியாசம்தான். மிதித்தே ஆக வேண்டும். நடுவில் பிராட். இங்கிருந்துதான் ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை பிரிகிறது: 1825-இல் திறந்தது, 2,757 மீட்டர் உயரம், இந்தப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். மெல்லிய டயர் சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக அந்தப் பக்கம் திரும்பினார்கள். சிறிது நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆசை இருக்கிறது, கால் இன்னும் தயாராகவில்லை.

லாஸ் வெள்ளைப் பளிங்குக்குப் பேர்போனது. தெரு ஓரக் கல்கூடப் பளிங்கு. மலை மேலிருந்து பாறையை இறக்க 1930-ஐ ஒட்டிக் கட்டிய சாய்தளத் தண்டவாளம் கீழிருந்தே தெரிகிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் கல்லறைச் சிலுவைகள் பல்லாயிரம் இந்த ஊர்க் கல்லில் செதுக்கப்பட்டவை.

லாஸ் தாண்டினால் கட்ரியா ஓடையின் பெரிய விசிறி. அதன் முதுகில் ஏறி ஷ்லாண்டர்ஸ் பக்கம் இறங்கும்போது இருபுறமும் ஆப்பிள். கண்ணுக்கு எட்டிய வரை கம்பி கட்டி வரிசையாக நிறுத்திய குட்டை மரங்கள், பெரும்பாலும் மஞ்சள் நிற கோல்டன் டெலிஷியஸ். அறுவடை உச்சத்தில் இருந்தது. பெட்டிகள் அடுக்கிய டிராக்டர்கள் சைக்கிள் பாதையைக் குறுக்காகக் கடந்துகொண்டே இருந்தன. அவர்களுக்கு வேலை நாள், நமக்குத்தான் விடுமுறை. நின்று வழிவிடுவதே முறை. தோட்டங்களில் உயரமான கம்பங்களில் தண்ணீர்த் தெளிப்பான்கள் இருந்தன. கோடைக்கு மட்டுமல்ல, ஏப்ரல் மாதப் பனி இரவுகளுக்கும் அவை உதவுகின்றன. பூத்திருக்கும் மரங்கள் மேல் இரவு முழுக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளியிடும். தொடர்ந்து உறைந்துகொண்டே இருக்கும் வரை பூவின் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், பூ கருகாது. விடியற்காலையில் தோட்டமே கண்ணாடியால் செய்தது போல் இருக்கும் என்கிறார்கள். அடுத்த வசந்தத்தில் அதைப் பார்க்க ஒரு வழி தேட வேண்டும்.

மதியத்துக்கு மேல் எதிர்காற்று. வெயிலில் சூடான மலைச்சரிவுகளை நோக்கிக் கீழிருந்து காற்று மேலே ஏறும், ஆல்ப்ஸில் வெயில் நாட்களில் இது வழக்கம். இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருந்தது. ஒரு கியர் குறைத்து, ஹேண்டில்பாரில் தாழ்ந்து, பேசாமல் ஓட்டினேன். லாட்ஷ், ஆற்றின் மேல் பாறையில் உட்கார்ந்திருக்கும் காஸ்டெல்பெல் கோட்டை, அப்புறம் யுவால். அந்தக் கோட்டையை மலையேற்ற வீரர் ரைன்ஹோல்ட் மெஸ்னர் 1983-இல் வாங்கினார். அதன் அடியில் பிரியும் ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கின் உச்சிப் பனியில்தான் 1991-இல் 5,300 ஆண்டுப் பழைய மனிதன் ஊட்ஸியின் உடல் கிடைத்தது. நாட்டுர்ன்ஸில் பழைய சுவரோவியங்கள் உள்ள புனித புரோகுலஸ் கோயில் இருக்கிறது. நேரம் போதவில்லை.

கடைசிப் படி, டோல். இங்கே பள்ளத்தாக்கு திடீரென்று முடிந்து, கீழே மெரான் சமவெளி விரிகிறது. 1898-லேயே இந்தச் சரிவில் மின்நிலையம் கட்டி மெரானுக்கும் போட்ஸனுக்கும் விளக்கேற்றினார்கள். சைக்கிள் பாதை நெருக்கமான வளைவுகளாக அல்குண்ட் பக்கம் இறங்குகிறது. எதிரே குடும்பங்கள், குழந்தைகள், மின்சைக்கிள்கள். வேகத்துக்கு இடமில்லை. காலையில் கற்றதை நடக்கும் வேகத்தில் செய்து பார்த்தேன். மெதுவாகத் திரும்புவது வேகமாகத் திரும்புவதைவிடக் கடினம். மெரானில் பனைவகை மரங்கள், சட்டைக்கை மடித்த கூட்டம், பாஸர் ஆறு வந்து எட்ஷில் கலக்கும் இடம். காலையில் கையுறை போட்டுக் கிளம்பிய அதே நாள் என்று நம்ப முடியவில்லை.

இந்தப் பாதைக்கு இணையாக ரயில் உண்டு. 1906-இல் மெரானிலிருந்து குளூர்ன்ஸுக்குப் பக்கத்து ஊரான மால்ஸ் வரை போட்டது, பின்னர் கைவிடப்பட்டு 2005-இல் மீண்டும் ஓட ஆரம்பித்தது. களைத்தால் நடுவில் ஏறிக்கொள்ளலாம். பராமரிப்பு வேலைக்காக நிறுத்தியிருக்கிறார்களா என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் வாடகைக்கு எடுத்த சைக்கிளை வேறு நிலையத்தில் திருப்பிக் கொடுக்கும் வசதியும் இருப்பதால், சொந்த வண்டி இல்லாதவர்களும் தயங்க வேண்டாம்.

இரவு விடுதியில் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். முன்பக்கப் பேட் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, பின்பக்கம் கிட்டத்தட்ட புதிது. டிஸ்க்கில் நீலம் பாயவில்லை, அதாவது சூடு அளவோடு இருந்திருக்கிறது. இடது உள்ளங்கையில் லேசான வலி. பிரேக் லீவரை இன்னும் ஒரு விரல்கடை உள்ளே திருப்பி வைத்திருக்கிறேன். அடுத்து இதே பாதையில் மெரானிலிருந்து மேலே, இரண்டு நாளாகப் பிரித்து. டோல் ஏற்றத்தைக் காலை வெயிலுக்கு முன் முடித்துவிட்டால் மதியக் காற்று முதுகில் இருக்கும்.