சுவரடியில் தொடங்கிய கோடு

பள்ளிக்கூட மலருக்கு எழுதச் சொன்னால் எங்களில் பாதிப் பேர் இல்ல விளையாட்டுப் போட்டியைப் பற்றி எழுதுவோம், மீதிப் பேர் பிரம்பைப் பற்றி எழுதுவோம். எனக்கு நினைவில் நிற்பது முதலாம் வகுப்பின் சீமெந்து நிலத்தில் ரீச்சர் வெண்கட்டியால் கீறிய எண் கோடு. சுவரடியில் 0, வாசலடியில் 20. ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு எங்கள் காலால் ஒரு கெந்தல்.

அதுவரை கணக்கென்றால் புளியங்கொட்டைதான். மூன்றையும் நாலையும் குவித்து எண்ணினால் ஏழு. அதில் நான் பிழை விட்டதில்லை. கோட்டில்தான் மாட்டிக்கொண்டேன். 3இல் நிறுத்தி, நாலு கூட்டச் சொன்னார். நின்ற 3ஐயே ‘ஒன்று’ என்று எண்ணிக்கொண்டு போய் 6இல் நின்றேன். வகுப்பே சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை. “நிண்ட இடத்தை எண்ணாதை ராசா, கெந்தினதை எண்ணு” என்றார். திரும்பக் கெந்தினேன். 7.

கழித்தலுக்கு முகம் திருப்பாமல் பின்பக்கமாகக் கெந்த வேண்டும். விழுந்தவர்களும் உண்டு. 9இலிருந்து 7 கழிக்கச் சொன்னால் மூச்சு வாங்கும். ஒருநாள் ஒருவனை 9இலும் இன்னொருவனை 7இலும் நிறுத்திவிட்டு, “இவனிட்டையிருந்து அவனிட்டைப் போக எத்தினை கெந்தல்?” என்று கேட்டார். இரண்டே இரண்டு! இவ்வளவு நாளும் ஏன் ஏழு தரம் கெந்த வைத்தார் என்று எங்களுக்குக் கோபம்கூட வந்தது. பிறகு 8உடன் 5 கூட்டல்: முதலில் 2 கெந்தி 10இல் இளைப்பாறல், மிச்சம் 3. இன்றும் கடையில் மிச்சக்காசு எண்ணும்போது பத்தில் ஒருதரம் நின்றுதான் போகிறேன்.

போன கோடையில் ரொறன்ரோவில், வீட்டு வாசலில் கார் விடும் இடத்தில், பேத்திக்கு அதே கோட்டைக் கீறினேன். புல் தொடங்கும் இடத்தில் 0. அவளும் முதலில் 6இல்தான் போய் நின்றாள்! சரி, பரம்பரைப் பிழை. அடுத்து 5இலிருந்து 2 என்று கேட்க நினைத்து, வாய் தவறி 2இலிருந்து 5 கழிக்கச் சொல்லிவிட்டேன். அவள் பின்பக்கமாக 0வரை கெந்தி, நிற்காமல் இன்னும் மூன்று கெந்திப் புல்லுக்குள் போய்விட்டாள். “அம்மப்பா, இந்த இடத்துக்கு என்ன நம்பர்?”

1685இல் ஜோன் வொலிஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், ஐந்து யார் முன்னே நடந்து எட்டு யார் பின்னே வரும் ஒருவனை வைத்து இதைத்தான், 0க்குப் பின்னால் வரும் −3ஐத்தான், விளக்கினார். எங்கள் வகுப்பில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. 0க்குப் பின்னால் சுவர் இருந்தது.