ஓகோனியின் கிணற்று நீர்

நைஜீரியா என்றாலே, "250க்கும் மேற்பட்ட இனங்கள், எப்படி முன்னேறும்?" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. பல இனங்கள் சேர்ந்து வாழ்வது குற்றமா? எண்ணெய் வருவாயைப் பங்கிட்ட விதத்தைப் பாருங்கள்.

1956இல் நைஜர் கழிமுகத்தில், இஜா மக்களின் ஒலோய்பிரியில் எண்ணெய் கிடைத்தது. 1960இன் அரசமைப்புச் சட்டப்படி, ஒரு வட்டாரத்தின் கனிம வருவாயில் பாதி அந்த வட்டாரத்துக்கே சேர வேண்டும். ராணுவ ஆட்சிகள் அதை வெட்டிக்கொண்டே வந்தன. 1999இன் சட்டம் உறுதிசெய்வது குறைந்தது 13 விழுக்காடு, அவ்வளவுதான். ஹவுசா, யொரூபா, இக்போ என்ற பெரிய இனங்களுக்கு நடுவில் கழிமுகத்தில் வாழும் ஓகோனி போன்ற சிறிய இனங்களின் குரல் எடுபடவே இல்லை. நியாயம் கேட்ட ஓகோனி எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் உடன் எட்டுப் பேரையும் 1995 நவம்பர் 10 அன்று ராணுவ ஆட்சியாளர்கள் தூக்கிலிட்டார்கள்.

எண்ணெய்க் கசிவால் பாழான ஓகோனி நிலத்தை ஆராய்ந்த ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2011 அறிக்கையைப் படித்தேன். ஓரிடத்தில் குடிநீர்க் கிணற்றில் பென்சீன், உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பைப்போல் 900 மடங்குக்கும் மேல். புற்றுநோய் தரும் நஞ்சு அது. அந்தத் தண்ணீரை மக்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள்!

கழிமுகத்தின் வேறு சில ஊர்களில், எண்ணெயோடு வெளிவரும் எரிவாயுவை வீணே எரிக்கிறார்கள். அந்தத் தீயின் அனலில் பெண்கள் மரவள்ளி மாவை உலர்த்துகிறார்கள். வெயிலைவிடச் சீக்கிரம் காய்கிறதாம். அதை விற்றுத்தான் அவர்கள் வீட்டில் அடுப்பெரிய வேண்டும்.