எல்லாத்துக்கும் பியூட்டிபுல் தானா? ஐஈஎல்டிஎஸ் படிக்கிறாக்களுக்கு என்ட அனுபவம்

ஐஈஎல்டிஎஸ் எண்ட இங்கிலீஷ் சோதனையில பேச்சுப் பகுதியான ஸ்பீக்கிங்குக்கு ரெடி பண்ணுற எங்கட திருகோணமலைப் பிள்ளைகளோட கதைச்சுப் பழகேக்க எப்பவும் காதில விழுற ஒரு சொல்லு பியூட்டிபுல். கடலும் பியூட்டிபுல், கோயிலும் பியூட்டிபுல், அம்மாட சாரியும் பியூட்டிபுல். நாங்க பொம்பிளையையும் வடிவு, கையெழுத்தையும் வடிவு எண்டு சொல்லிப் பழகின ஆக்கள், அந்தப் பழக்கம் அப்பிடியே இங்கிலீஷுக்குள்ளயும் வந்திடுது. ஆனா ஸ்பீக்கிங்கில மார்க் போடுற நாலு விஷயத்தில சொல்வளமும் ஒண்டு, ரைட்டிங்கிலயும் அது இருக்கு, நாலுக்கும் சமமான பங்கு. அதால இதில மினக்கெடுறது வீண் போகாது.

எனக்கு உதவினது சினோனிம் லிஸ்ட், அதாவது ஒரே கருத்துள்ள சொல்லுகளிட லிஸ்ட் இல்ல. லிஸ்ட்டைப் பாடமாக்கினா ஒண்டு இருக்கிற இடத்தில இன்னொண்டைத் தூக்கிப் போடலாம் எண்ட நினைப்பு வந்திடும், அப்பிடிப் போட ஏலாது. முதல்ல எது வடிவா இருக்கு எண்டு கேளுங்க, முகமா, உடுப்பா, நடையா, பழகுற விதமா, இல்ல பாத்த உடன எங்களுக்கு வந்த உணர்ச்சியா?

எங்கட ஊர் பிரெட்ரிக் கோட்டைக்குள்ள நிக்கிற புள்ளிமானைப் பாருங்க. அது கழுத்தைத் திருப்பி, காலை மெதுவாத் தூக்கி வைச்சு நடக்கிற அசைவைத்தான் நாங்க ரசிக்கிறம், அதுக்கு கிரேஸ்ஃபுல். அதே வழியால மேல ஏறி கோணேஸ்வரத்தடியில நிண்டு இராவணன் வெட்டு எண்ட பாறைப் பிளவுப் பக்கம் கீழ கடலைப் பாத்தா ஒரு நிமிஷம் பேச்சு வராதே, அதுக்கு பிரெத்டேக்கிங். இன்னர் ஹார்பரைப் பாத்துக்கொண்டு போற ரோட்டுக்கு சீனிக். வள்ளங்கள் கரையில இழுத்து விட்டிருக்கிற சின்னக் குடா எண்டா பிக்சரெஸ்க். சீனிக், பிக்சரெஸ்க் ரெண்டையும் ஆக்களுக்குப் போடாதீங்க.

ஆக்களைச் சொல்லேக்கதான் கூடக் கவனம் வேணும். சாதாரண பருத்திச் சாரியிலயும் எடுப்பா இருக்கிற அம்மம்மாவுக்கு எலிகன்ட், சிரிச்சுக் கதைச்சே எல்லாரையும் தன்ட பக்கம் இழுக்கிற மாமாவுக்கு சார்மிங். ஹேண்ட்சம் கூடுதலா ஆம்பிளையளுக்குத்தான் வரும், ஆனா கம்பீரமான வயசான பொம்பிளைக்கும் ஒரு நல்ல கட்டிடத்துக்கும் கூட வரும். அட்ராக்டிவ் எண்டது முகத்தோட நிக்கிற சொல்லில்ல, நல்ல சம்பளத்துக்கும் சொல்லலாம். கோர்ஜியஸ், ஸ்டன்னிங் ரெண்டும் ஏற்கனவே உச்சத்தில நிக்கிற சொல்லுகள், அதுக்கு முன்னால வெரி போடாம அப்சொலூட்லி போடுங்க.

ஹோம்லி எண்ட சொல்லை இங்க கலியாண விளம்பரங்களில குடும்பப் பாங்கான பிள்ளை எண்ட நல்ல கருத்திலதான் போடுவினம். அமெரிக்க இங்கிலீஷில அது ஆள் வடிவில்ல எண்டு சொல்லுற மாதிரி, பிரிட்டிஷ் இங்கிலீஷில பெரும்பாலும் வீட்டில இருக்கிற மாதிரி சுகமா இருக்கிற இடத்தைச் சொல்லுவினம். உங்கட அக்காவை அப்பிடிச் சொல்லிப் போடாதீங்க. ஃபேர் எண்டதையும் வடிவுக்குப் பதிலாப் போடாதீங்க, ஆக்களிட தோற்றத்துக்கு இப்ப அது வெளிறின தோல், முடி நிறத்தைத்தான் சொல்லும், கறுப்பா இருக்கிற பிள்ளையை வடிவில்ல எண்டு சொல்லாமச் சொல்லுற பழக்கத்தை இன்னொரு பாஷைக்கும் காவிக்கொண்டு போக வேணாம், இது எனக்கு மார்க்கை விடப் பெரிய விஷயம்.

பழகிறதுக்கு ஒக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரியை ஒன்லைனில திறந்து கருத்தை மட்டும் பாக்காம கீழ இருக்கிற உதாரண வசனங்களை வாசிங்க, எந்தச் சொல்லு எதோட சேருது எண்டு அதிலதான் பிடிபடும். பிறகு உங்களுக்குத் தெரிஞ்ச ஒராளை வைச்சு ஒரு வசனம் எழுதி, ஏன் அந்தச் சொல்லு எண்டதையும் பக்கத்தில சேருங்க. ஸ்பீக்கிங் பார்ட் 2-ல தலைப்பு எழுதின கார்ட் தந்து யோசிக்க 1 நிமிஷம் தருவினம், அந்த நேரத்தில முழு வசனம் எழுதாம ரெண்டு சொல்லும் அதுக்கான காரணமும் மட்டும் குறிச்சு வைச்சா, 2 நிமிஷம் வரைக்கும் இழுத்துக் கதைக்கக் கையில விஷயம் இருக்கும். உச்சரிப்பையும் கேட்டு வையுங்க, பிக்சரெஸ்க்கை கடைசியில கியூ எண்டு இழுக்கிறவை கனபேர், உச்சரிப்புக்கும் ஸ்பீக்கிங்கில மார்க் இருக்கு.