முகப்பில் ஒரு தேதி

எங்கள் அலுவலகத்தில் சில முக்கியமான வேலைகள் ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்) கருவியை நம்பித்தான் நடக்கின்றன. ஒரு வடிவத்தில் இருக்கும் ஆவணத்தை இன்னொரு வடிவத்துக்கு மாற்றித் தரும் கமாண்ட் லைன் கருவி அது; பொத்தான்கள் கிடையாது, கட்டளையைத் தட்டச்சு செய்துதான் இயக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் மென்பொருள்களை எல்லாம் மறு ஆய்வு செய்த பாதுகாப்புக் குழுவினர், அதன் இணையதளத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை இன்னும் யாராவது கவனித்துக்கொள்கிறார்களா?" என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. நிரலில் அந்த வாரம்கூட மாற்றங்கள் சேர்ந்திருந்தன. தளத்தின் முகப்பிலோ பல வருடங்களுக்கு முந்தைய அறிவிப்பு ஒன்று அப்படியே கிடந்தது. நான் வெப் டிசைனர். தளத்தைப் புதுப்பித்துத் தரட்டுமா என்று, கருவியைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களுக்கு எழுதினேன். அலுவலக நேரத்திலேயே செய்துகொள்ளலாம் என்று மேலாளரும் சொல்லிவிட்டார்.

தளம் 'புரொஃபஷனலாக' இருக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அப்புறம்தான் சிக்கல். ஒருவருக்குத் திரையை அடைக்கும் பெரிய படம் வேண்டும். இன்னொருவருக்கு, மடிக்கணினியைப் பார்த்துச் சிரிக்கும் மனிதர்களின் ஸ்டாக் போட்டோ. தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் இருக்கும் மூத்த பராமரிப்பாளர் மட்டும், "கம்பெனி தளம் மாதிரி ஆக்கிடாதீங்க. வர்றவங்க விலைப் பட்டியல் எங்கேன்னு தேடுவாங்க" என்றார். எனக்கும் அவர் பக்கம்தான் சரியாகப் பட்டது. இலவசமாகத் தரும் ஒன்றை விற்பனைக்கு வைத்திருப்பதுபோல் காட்டினால், பார்ப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். கிட்டத்தட்ட ஒவ்வொரு கைப்பேசியிலும் இருக்கும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளின் தளத்தைப் பாருங்கள். அலங்காரம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. அதற்காக யாரும் அதை நம்பாமல் விடவில்லை.

எனவே வரைவதற்கு முன், சந்தேகம் எழுப்பிய பாதுகாப்புக் குழுவிடமே போய், ஒரு தளத்தைத் திறந்ததும் எதைத் தேடுவீர்கள் என்று கேட்டேன். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, என்ன உரிமம், பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள், பாதுகாப்பு ஓட்டை ஒன்றைக் கண்டால் யாரிடம் சொல்வது. அவ்வளவுதான். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. 'எத்தனை பேர்' என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானபோதுதான், இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களின் உழைப்பில் ஓடிக்கொண்டிருந்தது பலருக்கும் தெரியவந்தது. அதிலிருந்து இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள்.

இந்த நான்கு விடைகளும் முகப்பின் மேல் பாதியிலேயே வந்தன. கருவி என்ன செய்யும் என்று ஒரே வாக்கியம், அதை நிறுவும் கட்டளை, பதிப்பு எண், பக்கத்தில் தேதி. அந்தத் தேதியைக் கையால் எழுதவில்லை. கையால் எழுதினால் மறுபடியும் பழசாகிவிடும். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' மென்பொருளில் புதிய பதிப்புக்கு அடையாளம் (டேக்) போட்டதும், தளம் தானே உருவாகி எண்ணையும் தேதியையும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பாதுகாப்புத் தொடர்புக்கு செக்யூரிட்டி டாட் டிஎக்ஸ்டி என்ற கோப்பு. அதன் வடிவம் 2022-ல் ஆர்எஃப்சி 9116 என்ற இணைய வரையறை ஆவணமாக வெளிவந்தது. சில வரிகள்தான், ஆனால் பாதுகாப்புக் குழு முதலில் பார்த்தது அதைத்தான்.

இவற்றைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நிறத்துக்குத்தான் விவாதம் கிளம்பியது. அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தரும் குழு, சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் வாதாடும் என்று பார்க்கின்சன் என்ற எழுத்தாளர் 1957-ல் எழுதினார். ஓப்பன் சோர்ஸ் உலகில் அது பழமொழியாகிவிட்டதற்கு 1999-ல் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்தில் பவுல்-ஹென்னிங் காம்ப் என்ற நிரலாளர் எழுதிய ஒரு மின்னஞ்சல் காரணம். எனக்குக் கைகொடுத்தது, பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்த உதவும் அணுகல்தன்மை விதி. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி மாறுபாடு வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மை வழிகாட்டி. பலர் கேட்ட மெல்லிய சாம்பல் நிறம் (குறியீடு #999999) வெள்ளையின் மேல் 2.85-தான் வரும். #767676 வரை அடர்த்தியாக்கினால் 4.54. ரசனைக்கு எதிராக ரசனையை வைத்தால் முடிவே வராது. எண்ணை வைத்ததும் பேச்சு அடங்கிவிட்டது.

எழுத்துருக்களை வெளியிலிருந்து இழுக்காமல் தளத்திலேயே வைத்தேன். கூகுளின் எழுத்துருச் சேவையான கூகுள் ஃபான்ட்ஸை நேரடியாக இணைத்து, பார்வையாளரின் ஐபி முகவரியை அனுமதியின்றி அனுப்பியதற்காக 2022-ல் மியூனிக் நீதிமன்றம் ஒரு தள உரிமையாளரை 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. தொகை சின்னது. ஆனால் எந்த ஊதியமும் வாங்காத ஒரு பராமரிப்பாளருக்கு அந்தத் தலைவலி எதற்கு?

அதிக நேரத்தை விழுங்கியது யார் கண்ணுக்கும் படாத வேலை: பழைய முகவரிகள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பயிற்சிக் கட்டுரைகளும் பதில்களும் அந்த ஆவணப் பக்கங்களைச் சுட்டியிருக்கின்றன. முகவரிகளை மாற்றாதீர்கள் என்று, வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே வலியுறுத்தியிருக்கிறார். தளம் கிட்ஹப் பேஜஸ் என்ற இலவச இடத்தில் இருப்பதால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் '301' திருப்பிவிடலை சர்வரில் போட வழியில்லை. ஒவ்வொரு பழைய முகவரியிலும், புதிய இடத்துக்கு அனுப்பும் ஒரு குட்டிப் பக்கத்தை வைக்க வேண்டியிருந்தது. சலிப்பான வேலை. ஆனால் அழகான தளத்தில் 'பக்கம் இல்லை' என்ற '404' வருவதைவிட, அசிங்கமான தளத்தில் பக்கம் திறப்பது மேல்.

லோகோவை மாற்றவில்லை. ஆரம்பத்தில் பங்களித்த ஒருவர் வரைந்தது. கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். பெரிய திரைகளில் மங்காதபடி, எந்த அளவுக்கும் பெரிதாக்கக்கூடிய எஸ்விஜி பட வடிவத்தில் மறுபடி வரைந்தேன், கோணலையும் சேர்த்துத்தான். தளம் கட்டப் பயன்படும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க் எதையும் தொடவில்லை. இந்தத் திட்டத்தில் இருப்பவர்கள் 'சி' நிரல்மொழியில் எழுதுகிறவர்கள். நான் போன பிறகு அவர்கள் திறந்து திருத்த வேண்டும் என்பதால் எளிய உரையாக எழுதும் மார்க்டவுன் கோப்புகளும், தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஒரே ஒரு சிஎஸ்எஸ் கோப்பும்தான். போன மாதம் யாரோ ஒருவர், பக்கத்தை அச்சிடும்போது நீளமான கட்டளைகள் ஓரத்தில் வெட்டுப்படாமல் இருக்க அந்த சிஎஸ்எஸ் கோப்பில் நான்கு வரி சேர்த்திருந்தார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.