அடியும் வாங்கி, கூலியும் கொடுத்து

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் நான் சாலையோர மரங்களைத்தான் பார்த்துக்கொண்டு போவேன். 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து கும்பகோணம், மன்னார்குடி வழியாக உப்பெடுக்க நடந்து வந்தபோது, தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் தண்டோரா போட வைத்தார்: இவர்களுக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ 6 மாதம் ஜெயில், அபராதமும் உண்டு. நம் ஜனங்கள் சோற்றைப் பொட்டலமாகக் கட்டி, வழியில் மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். கொடுத்தது யார் என்று போலீஸ் எந்த மரத்தைப் போய்க் கேட்கும்?

எங்கள் அப்பாயி, வாசலில் யார் வந்து நின்றாலும் "சாப்ட்டியா"வுக்கு அப்புறம்தான் வந்த விஷயத்தையே கேட்கும். அந்த மாதிரி ஊரில் சோறு போடுவதைக் குற்றமாக்கினார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அதைவிட எரிகிற விஷயம் ஒன்று உண்டு, செலவுக் கணக்கு. 1861 போலீஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு பகுதி 'கலவரமான' பகுதி என்று அரசு அறிவித்தால் அங்கே கூடுதல் போலீஸை நிறுத்தலாம், அந்தப் போலீஸுக்கு ஆகும் செலவு முழுவதும் அங்கே குடியிருப்பவர்கள் தலையில். யாருக்கு எவ்வளவு என்று பிரித்துப் போடுவது மாவட்ட மாஜிஸ்திரேட். கல்லெறிந்தவன், எறியாதவன், அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவன் எல்லோரும் கட்ட வேண்டும். வேண்டியவர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, அதாவது பக்கத்து வீட்டுக்காரன் கட்டுகிறான், நீ கட்டவில்லை என்றால் நீ யார் பக்கம் என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

மெட்ராஸ் மாகாணத்தில் இது ஏட்டோடு நிற்கவில்லை. 1908-இல் வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்தது, மார்ச் 13 அன்று சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். அப்புறம் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீஸை, அதாவது இந்தக் கூடுதல் போலீஸை, கொண்டுவந்து இறக்கி, அதற்கான பணத்தை ஊர்க்காரர்களிடமே வசூலித்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஊரே சுட்டவர்களின் படையையும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தெற்கே இதற்குத் திமிர் வரி என்று பெயர். 1942-இல் கூட்டு அபராதத்துக்கென்றே தனி அவசரச் சட்டம் வந்தது.

சட்டம் லண்டன்காரன் போட்டது, சரி. லத்தியைப் பிடித்தவன் நம் ஊர்ப் பேச்சைப் பேசுகிறவன், வீட்டுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொண்டுவந்து நின்றவனும் நம்மவன்தான். கலெக்டர் பெயரை மட்டும் எழுதிவிட்டு இவர்களை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. உத்தரவு என்று சொன்னால் போதுமா? உத்தரவுக்கு மசியாமல் நின்றவரும் நம் ஊர்ப் பக்கம் இருந்தாரே.

வேதாரண்யத்தில் சவரத் தொழிலாளி வைரப்பன், தான் மழித்துக்கொண்டிருப்பது ஒரு போலீஸ்காரர் முகம் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டு எழுந்தார். மீதியையும் மழிக்கச் சொன்னபோது முடியாது என்றார், ஜெயிலுக்குப் போனார். அன்றாடம் கத்தி பிடித்தால்தான் அன்றாடம் உலை வைக்க முடியும் என்கிற தொழில் அது. உப்பு வியாபாரத்தில் நன்றாக இருந்தும் ராஜாஜியின் போராட்டத்துக்குத் துணை நின்ற வேதரத்னம் பிள்ளையின் சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். கலெக்டர் தார்னுக்கு அந்த மாதச் சம்பளம் ஒழுங்காக வந்திருக்கும், அதுவும் நாம் கட்டிய வரிப் பணத்தில்.